அக்கா பூசிய மஞ்சள்

அக்கா சிரிக்கும்போது மேல் ஈறின் ஓரமாக, பற்கள் தொடங்கும் இடத்தில், நீலமும் கறுப்பும் கலந்த மெல்லிய கோடு ஒன்று தெரியும். பென்சிலை நன்றாகச் சீவி, கை நடுங்காமல் இழுத்தது போன்ற கோடு. அதை முதலில் கவனித்தது நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகு, அடையாறு வீட்டின் பின்பக்கம் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கையில் வைத்திருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்து எதற்கோ சிரித்தாள். "என்னக்கா, ஈறெல்லாம் கறுப்பா இருக்கு?" என்றேன். "கரித்தூள்ல பல்லு தேய்ச்சா வேற எப்படி இருக்கும்?" என்றாள். நானும் அதே கரித்தூளில்தான் பல் தேய்த்தேன். என் ஈறில் கோடு எதுவும் இல்லை. அந்த வித்தியாசத்தை நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபது வயது. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சராக இருந்தேன். அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவும் நான் பத்தாவது வயதை எட்டுமுன் இறந்துவிட்டார். என்னைவிட எட்டு வயது மூத்த அக்காதான் எனக்கு எல்லாமாகவும் இருந்தாள். கல்யாணமாகிப் போகும்போது என்னையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். மைத்துனியைச் சேர்த்து வைத்துக்கொள்வதை அத்தான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் "பாப்பா எங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். அவரைப் பற்றி நான் பின்னால் சொல்லப்போவதைப் படிக்கிறவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அத்தான் சித்திரம் படித்தவர். படித்துவிட்டு, ஊறுகாய் ஜாடியும் சாக்கடைக் குழாயும் கரண்டுக் கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் கப்பும் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மேஸ்திரியாகச் சேர்ந்தார். "படிச்சது பூப் போட, பண்றது பைப்பு" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். சில வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டார். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, ஊரூர் குப்பத்துக்குப் போகும் வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டி ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். வீட்டுக்குப் பின்னால் வெற்று நிலம். அங்கே செங்கல் வைத்துச் சூளை ஒன்றைத் தன் கையாலேயே கட்டினார். வீட்டுக்குள் சுவரில் பதிக்கிற பூ ஓடுகள், கூடத்தில் நிற்கிற பெரிய பூத்தொட்டிகள், விளக்குக்குப் பின்னால் மாட்டும் தட்டுகள் என்று கையால் செய்து விற்பதுதான் அவருடைய எண்ணம். மண்ணைப் பிசைந்து அச்சில் அழுத்தி ஓடாக்குவதும் சூளை போடுவதும் அத்தான். வர்ணம் அரைத்துப் பூசுவது அக்கா. அவள் யாரிடமும் சித்திரம் படித்ததில்லை. ஆனால் ஒரு நிறத்தைப் பார்த்தால் அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று, குழம்பை வாயில் வைத்துப் பார்த்துப் பருப்பா பயறா என்று சொல்கிறவள் மாதிரி, சொல்லிவிடுவாள்.

தி.நகரில் அப்போது புதுப்புது பங்களாக்கள் எழும்பிக்கொண்டிருந்தன. முன்பக்கம் வட்டமாக வளைந்த வராந்தா, மொசைக் தரை, ஹாலில் மார்பளவு உயரத்துக்குச் சுவரெல்லாம் ஜப்பான் பூ ஓடு. இந்த மூன்றும் இருந்தால்தான் அது நாகரிகமான வீடு. பனகல் பார்க் பக்கத்தில் ஒரு வக்கீல் அப்படித்தான் வீடு கட்டத் தொடங்கினார். கப்பலில் ஓடு வந்தது. ஹாலின் ஒரு பாதிச் சுவருக்கு ஓட்டைப் பதித்தும் ஆயிற்று. மீதி வருவதற்குள் ஜப்பான்காரன் நமக்கு எதிரியாகிவிட்டான். கப்பலும் இல்லை, ஓடும் இல்லை. வாசல் கதவுக்கு இடதுபுறம் தகதகவென்று மஞ்சள் பூவும் பச்சை இலையும். வலதுபுறம் வெறும் சிமெண்டு. நான்கு ஓடு சேர்ந்தால் ஒரு கொடி வளையமாகும். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு பூ. அந்த மஞ்சளுக்கு ஈடான மஞ்சளை இங்கே யாராலும் செய்ய முடியாது என்று மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். யாரோ சொல்லி, வக்கீல் வீட்டு அம்மாள் ஒரு மாதிரி ஓட்டைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, காரில் எங்கள் அடையாறு வீட்டுக்கு வந்தாள்.

அத்தான் ஓட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சை வந்துடும். மஞ்சள்தான் கஷ்டம்" என்றார். அக்கா கதவோரமாக நின்றபடி கையை நீட்டி ஓட்டை வாங்கினாள். வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். "செய்யலாம்" என்றாள். அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குள் குண்டு விழப்போகிறது என்ற பீதி வந்துவிட்டது. எழும்பூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை ரயிலுக்குள் திணித்தார்கள். மயிலாப்பூர் மாடவீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்கியது. வக்கீல் குடும்பம் கும்பகோணத்துக்குப் போய்விட்டது. என் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். நாங்கள் போக ஊர் எதுவும் இல்லை. போனாலும் சூளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஊரே காலியான அந்தக் கோடையில்தான் அக்கா மஞ்சளைக் கண்டுபிடித்தாள்.

அஞ்சனக்கல்லையும், குங்குமம் போலச் சிவந்திருக்கும் காரீயப் பொடியையும் கல்வத்தில் போட்டு நாள்கணக்கில் அரைப்பாள். பின்கொட்டகையில் காற்று அடித்தால் பொடி பறக்கும் என்று கீற்றுத் தட்டியை இழுத்துச் சாத்திக்கொள்வாள். கூந்தலிலும் புருவத்திலும் சிவப்பு படிந்திருக்கும். அரைத்ததைத் தண்ணீரில் குழைத்து, அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையால் ஓட்டில் இதழ் இதழாகப் பூசுவாள். தூரிகையின் நுனி விரியும்போதெல்லாம் அதை உதட்டில் வைத்து ஈரமாக்கிக் கூராக்கிக்கொள்வாள். ஊசியில் நூல் கோக்கிறவர்கள் செய்வதில்லையா, அப்படி. "வாயெல்லாம் இனிக்குது" என்று ஒருமுறை சொன்னாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இருட்டில் வெளிச்சம் தெரியக்கூடாது என்ற உத்தரவு இருந்ததால் விடியும்போதே சூளையை மூட்டி, சாயங்காலத்துக்குள் நெருப்பை அடக்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில் எத்தனையோ சூளை கெட்டது. மஞ்சள் ஒருமுறை மண் நிறமாகும். ஒருமுறை பாசி பிடித்ததுபோல வரும். ஆடி மாதம் ஒரு நாள் சூளையைத் திறந்தபோது, சாம்பலுக்கு நடுவில் அந்த ஓடு இருந்தது. அத்தான் அதை ஜப்பான் ஓட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் வக்கீல் குடும்பம் திரும்பியது. என் பள்ளிக்கூடத்தையும் திறந்தார்கள். தை மாதம் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்தார்கள். அந்த அம்மாள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தபோது, பூசி முடித்த ஓடுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தோம். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள், நிமிர்ந்து அத்தானிடம், "ஜப்பான்காரன் பூவெல்லாம் ஒரே மாதிரி முழிச்சுண்டு நிக்கறது. இது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் திரும்பிப் பாக்கறதே! யார் கை இது?" என்று கேட்டாள். அத்தான் ஒரு கணம் தாமதித்தார். பிறகு, "இவதாம்மா" என்று அக்காவைக் காட்டினார். அந்த அம்மாள் அக்காவின் அருகில் வந்து, "எங்காத்துக்கு வரவாகிட்டயெல்லாம் உன் பேரைத்தான் சொல்லப்போறேன்" என்றாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா அந்த வாக்கியத்தை அந்த அம்மாளின் குரலிலேயே இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அந்தக் குரலை மறந்துவிடக்கூடாது என்று பழகிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அடையாறு வீட்டுக்கு வந்த பிறகு அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பளுத் தூக்கியிருப்பாள் என்றார்கள். அவள் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். மழைக்காலத்தில் மூன்றாவது முறையாக உண்டானபோது, வயிற்றில் ஒரு முறுக்கு வலியும் கூடவே வந்தது. துணியைப் பிழிவதுபோல வலிக்கிறது என்று சுருண்டு படுப்பாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஊரூர் குப்பத்திலிருந்து வஞ்சிரமும் காரப்பொடியும் கொண்டுவரும் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா கண்ணு, மூஞ்சி இப்டி வெளுத்துப் பூடுச்சு? சும்மா குந்திக்கினு கீறியே, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போம்மா" என்று என்னைத்தான் திட்டினாள். அன்றே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்ரோல் கிடைக்காமல் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் அக்காவை ஒரு பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

லேடி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு உதட்டைத் தூக்கச் சொல்லி, ஈறைப் பார்த்ததும் நின்றாள். என் பக்கம் திரும்பி, "இவங்க அச்சாபீஸ்ல வேலை செய்றாங்களா? எழுத்துக் கோக்கிற வேலை?" என்று கேட்டாள். "இல்லை டாக்டர், வீட்டுலதான். ஓட்டுக்கு வர்ணம் பூசுவாங்க" என்றேன். என்ன வர்ணம் என்று கேட்டாள். சொன்னேன். தூரிகையை எப்படிப் பிடிப்பாள் என்று கேட்டாள். அதையும் செய்து காட்டினேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "காரீயம் உடம்புல ஊறிக் கெடக்கும்மா. முன்னாடி கலைஞ்சதும் இதனாலதான் இருக்கும். இன்னையோட அந்த வேலைய விட்ரணும். அந்த எடத்துப் பக்கமே போகக்கூடாது. நிறையப் பால் குடிக்கச் சொல்லுங்க. இப்பவே விட்டா இந்தப் பிள்ளை தங்கலாம். இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." பஸ்ஸில் வரும்போது அக்கா, "ரெண்டும் நானே கொன்னதா பாப்பா?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தான் கேட்டதும் இடிந்துபோனார். அன்று சாயங்காலமே கல்வத்தையும் பொடி டப்பாக்களையும் கொட்டகையின் மூலைக்குத் தள்ளிச் சாக்குப் போட்டு மூடினார். அவருக்கும் எப்போதாவது வயிற்று வலி வந்ததுண்டு. ஆனால் அவர் தூரிகையை வாயில் வைப்பவர் இல்லை, அரைப்பவரும் இல்லை. இன்னும் அறுபது ஓடு மீதி இருந்தது. "நான் பூசறேன். வரலேன்னா வக்கீல் வீட்டுல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார். அக்கா வாசல் பக்கம் உட்கார்ந்து, பால் குடித்துக்கொண்டு, அவருக்குக் கைப்பக்குவம் சொன்னாள். அவர் பூசினார். இரண்டு சூளை போட்டார். ஒன்றில் மஞ்சள் வழிந்து இலையில் இறங்கியது. மற்றதில் பழுப்பாக வந்தது. கெட்ட ஓடுகளை அவர் தோப்புப் பக்கம் எடுத்துப் போய்க் கொட்டும் சத்தத்தை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மார்கழி நடுவில், பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அத்தான் தி.நகரில் கொத்தனாரோடு ஓடு பதித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அக்கா இல்லை. கொட்டகையின் கீற்றுத் தட்டி சாத்தியிருந்தது. நீக்கிப் பார்த்தேன். முந்தின நாள் அத்தான் பூசி உலர வைத்திருந்த ஓடுகளை எடுத்து, அவர் வர்ணத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அக்கா புதிதாகப் பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். பிறகு, திருட்டில் பிடிபட்ட குழந்தைபோலச் சிரித்தாள்.

"பாத்துட்டியா? அத்தான்கிட்ட சொல்லிடாத. அறுபதே அறுபதுதான்."

"அக்கா, டாக்டர் என்ன சொன்னாங்க?"

"வாயில வைக்க மாட்டேன். சத்தியமா. மூக்கைக் கட்டிக்கிட்டுத்தான் அரைச்சேன். அவர் ஆசைப்பட்டு ஆரம்பிச்ச தொழில் பாப்பா. இந்தச் சுவர் நின்னா நாலு வீடு வரும். பாதியில நின்னா திரும்பவும் பைப்பு பண்ணத்தான் போகணும்."

அவள் சொன்னது முழு உண்மை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அவள் முகம் அப்படி இருந்தது. பத்து நாளாகப் பால் டம்ளரோடு வாசலில் உட்கார்ந்திருந்தவளின் முகம் அல்ல அது. பேசிக்கொண்டே தூரிகையை வர்ணக் கிண்ணத்தில் தோய்த்தாள். நுனி விரிந்தது. கை தானாக உதட்டுக்குப் போனது. கூராக்கிக்கொண்டு அடுத்த இதழைப் பூசினாள். தான் செய்தது அவளுக்கே தெரியவில்லை. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தட்டியைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய் ஏதேதோ யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று நாற்பது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். அந்தச் சுவர் முடிய வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன் என்பது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் எல்லா டீச்சர்களிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் சூளை போட்டு, அதற்கடுத்த நாள் திறந்தார்கள். எல்லா ஓட்டிலும் மஞ்சள் சரியாக வந்திருந்தது. "பாத்தீங்களா? உங்க கைக்கு வந்துடுச்சு!" என்று அக்கா கையைத் தட்டினாள். அத்தான் ஓர் ஓட்டை எடுத்து வெகுநேரம் பார்த்தார். "ஆமா, வந்துடுச்சு" என்றார். ஓட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார். இப்படியே இன்னும் மூன்று சூளை. அவர் முந்தின நாள் பூசுவார். மறுநாள் காலையில் தி.நகர் போவார். அவள் துடைத்துவிட்டுப் பூசுவாள். கடைசிச் சூளைக்கான ஓடுகளைப் பூசும்போது தூரிகை அவள் கையிலிருந்து இரண்டு மூன்று முறை நழுவி விழுந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு பூசினாள். அதையும் பார்த்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் ஹோமமெல்லாம் முடிந்து, மத்தியானத்துக்கு மேல் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஹாலில் மேற்கு வெயில் விழுந்து, சுவர் முழுக்க மஞ்சளாக எரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் எது ஜப்பான், எது மெட்ராஸ் என்று கண்டுபிடிக்க முயன்று தோற்றார்கள். வக்கீல் அம்மாள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒவ்வொருவரிடமும், "இவதான், இவ கைதான்" என்றாள். அக்கா மற்றொரு கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் அன்று காலையிலிருந்தே நிமிரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரத்தில், ஆறாம் மாதம் நிறைவதற்குள், குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் அப்போதெல்லாம் இடம் கிடையாது. அத்தான் ஒரு சிறிய பெட்டியில் வைத்து, சவுக்குத் தோப்புக்குள் தானே எடுத்துப் போனார். யாரையும் கூட வரவிடவில்லை. அக்காவின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. சில மாதத்தில் இடது கையும். பூசையில் சிலுவை போடும்போது முழங்கை உயரும். நெற்றியில் விரல் படாது, மடங்கிய மணிக்கட்டுத்தான் படும். மீன்காரம்மா பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, கை இப்டி தொங்கிக்கினு கீது?" என்று கேட்டவள், பதில் வருமுன் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எங்கள் மூவரில் யாரும் அதுவரை அப்படிச் சத்தம் போட்டு அழுதிருக்கவில்லை.

கொத்தனார் மூலமாக விஷயம் தெரிந்து வக்கீல் அம்மாள் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில் உட்காராமல் அக்காவின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அந்தக் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ? சுவருக்கு வெள்ளையை அடிச்சுட்டு விட்டிருப்பேனே!" என்றாள். அக்கா தன் கையைப் பார்த்தபடி, "அதுக்காகத்தாம்மா சொல்லல" என்றாள். அந்த அம்மாளுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வெகுநாள் அவர்கள் வீட்டுப் பசுவின் பால் தினமும் வந்துகொண்டிருந்தது.

நான்கு வீடு வரும் என்று அக்கா சொன்னது பொய்யாகவில்லை. மாம்பலத்திலிருந்தும் அபிராமபுரத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். அத்தான் ஒருவரிடமும் முன்பணத்துக்குக் கை நீட்டவில்லை. சூளையைத் தானே இடித்தார். மறுபடியும் தொழிற்சாலையில் சேர்ந்து, கரண்டுக் கம்பத்துக்குப் பீங்கான் கப்பு செய்யப் போனார். நாங்கள் சாந்தோமுக்குக் குடி வந்தோம். ஒரு சந்தில் இரண்டு அறை வீடு. நான் அக்காவுக்குச் சோறு ஊட்டினேன், தலை பின்னினேன், குளிப்பாட்டினேன். அவள் ஒருநாளும் தன்னை நொந்துகொண்டு பேசியதில்லை. தலை வலிக்கிறது என்பாள். சில நாள் என்னை வேறு யாரோ என்று நினைத்துப் பேசுவாள். யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. வீதியெல்லாம் கொடி கட்டிய அன்று, கொடியில் இருக்கிற பச்சை நன்றாக வரவில்லை என்றாள். அதற்கடுத்த வருஷம் முகமும் காலும் வீங்கத் தொடங்கின. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை, நான் பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள், போய்விட்டாள். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

இப்போது கையால் செய்த பீங்கானுக்குப் பெரிய மதிப்பு வந்திருக்கிறது. என் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போனால் சுவரில் தட்டுகளையும் ஓடுகளையும் அழகாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். செய்கிறவர்கள் கையுறை போட்டுக்கொள்கிறார்களாம். காரீயம் இல்லாத பூச்சு வந்துவிட்டதாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மஞ்சள் கோப்பையில் காப்பி கொடுத்தால் என்னால் குடிக்க முடிவதில்லை. தி.நகர் வீட்டை இடித்துவிட்டார்கள். ஓடுகளைப் பெயர்த்து யார் யாரோ வாங்கிப் போனார்களாம். அக்காவின் பூக்கள் இந்த ஊரில் எந்தெந்தச் சுவரில் இருக்கின்றனவோ.

அக்காவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து திரும்பும்போது மழை விட்டிருந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். அத்தானும் நானும் கச்சேரி ரோடு வழியாக நடந்து வந்தோம். இனிமேலும் சொல்லாமல் அவரோடு ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாது என்று தோன்றியது. நின்று, "அத்தான், அக்கா அந்தக் கடைசி அறுபது ஓட்டையும் தானே பூசினாங்க. நான் பாத்தேன். உங்ககிட்ட சொல்லல" என்றேன். அவர் என்னை அடிக்க வேண்டும் என்றுகூட அந்த நிமிஷம் ஆசைப்பட்டேன்.

அவர் நிற்கவில்லை. இரண்டடி முன்னால் போனார். திரும்பாமலே சொன்னார்:

"எனக்குத் தெரியும் பாப்பா. நான் போட்ட பூ நேரா நிக்கும். அவ பூ திரும்பிப் பாக்கும். முதல் சூளையைத் தொறந்தப்பவே தெரியும்."

நான் எட்டி நடந்து அவரோடு சேர்ந்துகொண்டேன். அவர் தொடர்ந்தார். "நல்லா வந்திருந்துச்சு. அதான் ஒண்ணும் கேக்கல."

அத்தனை வருஷமும் ஒரே வீட்டில், அவளுடைய தொங்கிய கைகளுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக, ஒருவருக்குத் தெரியாது என்று மற்றவர் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அத்தானை ஏமாற்றிவிட்டதாக அக்கா நினைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தேன். அவர் இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்தார். மூன்றாவதையும் பழக்கத்தில் எடுத்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தார். மறுநாள் காலை தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.